ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறாள்

ஆரணி
28-6-2025, சனிக்கிழமை

அண்ணிக்கு,

அன்புச்செல்வி எழுதுகிறேன். அடுத்த தெருவில் இருப்பவர்கள்கூட போனில் பேசிக்கொள்ளும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் திரையைப் பார்த்தால் குமட்டுகிறது. காதில் வைத்துப் பேசினால், நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் முதல் வார்த்தை எனக்குள் வந்து சேர்கிறது. நான் பதில் தேடுவதற்குள் 'இன்னா, லைன்ல கீறியா இல்லியா' என்று வைத்துவிடுகிறீர்கள். தாள் அப்படி இல்லை. வார்த்தை வரும்வரை சும்மா கிடக்கிறது. உங்கள் தம்பி நாளைக்கு அங்கே குழந்தை நிலாவைப் பார்க்க வரும்போது இதைக் கொடுப்பார்.

மனதில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். அன்றைக்குச் சமையலறை வாசற்படியில் நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தலைசுற்றிச் சாய்ந்து விழுந்தபோது, ஓடிவந்து அவளைத்தான் முதலில் தூக்கினீர்கள். சரிதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டு லீலா அக்காவும் தெருவும் வாசலில் நிற்கும்போது, 'இவகிட்ட வுட்டா ஒரு நாளு புள்ளைய சாவடிச்சிடுவா' என்று சொன்னீர்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. பயத்தில் சொன்னது என்கிறார் உங்கள் தம்பி. பயத்தில் வருவதுதான் உண்மையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்பு தலையில் அடிபட்டதும் நான் கவனமில்லாமல் இருந்ததால் இல்லை அண்ணி. அவள் தவழ்ந்துபோய்த் தறிக்கு அடியில், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். இழுத்து எடுத்துக்கொண்டு எழும்போது குறுக்குமரத்தில் பின்மண்டை இடித்தது. ரத்தம் வரவில்லை. அன்று சோறு வடித்தேன், துணி துவைத்தேன். மறுநாள்தான் வாந்தி, மயக்கம். வேலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, 'ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வுதான் மருந்து' என்றார் டாக்டர். குலுங்கினது ஸ்கேனில் தெரியாதாம். அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

தறிச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை என்று உங்கள் தம்பி நம் தறியை நிறுத்திவிட்டு, குமரேசன் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யப் போகிறார். நம் தறி போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. தெருவில் மற்ற தறிகளை யார் நிறுத்துவார்கள்? ஆடி வியாபாரத்துக்குப் புடவை போக வேண்டுமே. ஜன்னலைச் சாத்தினால் சத்தம் குறையும், வெளிச்சமும் குறையும். வலது கண்ணில் வெளிச்சம் பட்டால் ஊசி இறங்குவதுபோல் இருக்கிறது.

இங்கே நிறுத்தினேன். மறுபடி பேனாவை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நிலா எப்படி இருக்கிறாள்? தூங்கும்போது என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். உங்கள் காதைப் பிடிக்கிறாளா? பால் கேட்கிறாளா? லீலா அக்காவின் கைக்குழந்தை அழுதால் எனக்கு ரவிக்கை நனைந்துவிடுகிறது. ஒரு வாரம் என்று சொல்லித்தான் கொண்டுபோனீர்கள்.

அன்புச்செல்வி


தெள்ளார்
ஆனி 19, வியாழன்

அன்புக்கு,

இங்க எல்லாரும் சவுக்கியம். உன் கடுதாசிய எங்க வீட்டுக்காரர் படிச்சிக் காட்டட்டான்னாரு. நீ ஒண்ணும் படிக்க வேணாம், நானும் எட்டாவது வரைக்கும் போனவதான்னு புடுங்கி நானே படிச்சேன்.

சாவடிச்சிடுவான்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். புள்ள வாயில ரத்தத்தப் பாத்துட்டு வேற இன்னா, தாலாட்டா பாடுவாங்க? அதையே புடிச்சிகினு தொங்காத. அன்னிக்கு நீ கண்ணு சொருகிக் கெடந்ததப் பாத்து உனக்கும் சேத்துதான் பயந்தேன். அத மட்டும் தெருவுல ஒருத்தரும் கேக்கல.

உன் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க வீட்டுக்காரர் கண்ணாடிய வாயில போட்டு மென்னு கால ஒடிச்சிட்டா. பேப்பர் படிக்க முடியாம அவரும் ஊரு வம்பு தெரியாம நிம்மதியா கீறாரு. காதப் புடிக்கறாளான்னு கேட்ட. காத இல்ல, கம்மலப் புடிக்கறா. இழுத்த இழுப்புல கழட்டி டப்பாவுல போட்டுட்டேன். பால் கேட்டு மூணு நாளு அழுதா. இப்ப கேக்கறதில்ல. நீ கேட்டதுக்காவ எழுதறேன், மனசுல வெச்சிகினு அழாத.

ஒண்ணு கவனிச்சேன். யாரப் பாத்தாலும் தலைய ஒரு பக்கமா சாய்ச்சிகினுதான் பாக்கறா. சோறு ஊட்டும்போதும் அதே. நீ கீழ போட்டப்ப கழுத்து புடிச்சிகினு உரம் விழுந்திருக்கும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எடுத்துடறேன். பழைய வேட்டியில படுக்க வெச்சி இந்தாண்ட நான், அந்தாண்ட பக்கத்து வீட்டுக்காரி, ரெண்டு பேரும் முனையப் புடிச்சி மெதுவா உருட்டினா கழுத்து தன்னால நேராயிடும். தெள்ளார்ல எத்தினி புள்ளைக்கு நான் உரம் எடுத்திருக்கேன்னு என் தம்பி சுதாகரக் கேளு.

உனக்கும் அதே கததான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வேலூர் டாக்டரே சொல்லிட்டாரு. மண்டையில இல்லன்னா கழுத்துலதான். உங்க ஊருலயே கல்யாண மண்டபத்துல கழுத்துக்கு சொடக்கு எடுக்கற டாக்டர் வராராம், கைரோவோ இன்னாவோ சொல்றாங்க. போளூர்ல இருந்தெல்லாம் பஸ் ஏறிப் போறாங்களாம். தம்பிகிட்ட சொல்லிவுட்டிருக்கேன். ஜல்தி போய்க் காட்டு. தல சுத்தல் நின்ன அன்னிக்கே புள்ளையக் கொண்டாந்து வுடறேன். அவள வெச்சிகினு எனக்கு இன்னா பட்டமா குடுக்கப் போறாங்க.

சசிகலா


ஆரணி
7-7-2025

அண்ணி,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. தபால்காரர் போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எடுக்காமல் இருந்தால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டிருந்தால் இனிமேல் எடுக்காதீர்கள். அவள் கழுத்தை யாரும் உருட்ட வேண்டாம். நான் அவளைக் கீழே போட்டேன்தான். அதற்காக நீங்கள் வேட்டியில் போட்டு உருட்ட வேண்டுமா? ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். உங்கள் தம்பியிடம் சொன்னால், 'அக்கா எனக்கே எடுத்திருக்குது, நான் இன்னா செத்தா பூட்டேன்' என்கிறார்.

எனக்குச் சொன்ன வைத்தியத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒரு யோசனையைப் பிடித்து அடுத்த யோசனைக்குப் போவதற்குள் முதலாவது நழுவிவிடுகிறது, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். கல்லூரியில் மூன்று வருடம் கணக்குப் படித்தவள் நான். நேற்று லீலா அக்கா பெண்ணுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, கடன் வாங்கிய இலக்கத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

லீலா அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாகக் கை மரத்துப்போய், நெய்யும்போது இழை ஓட்டுகிற நாடாவே கையில் நிற்காமல் இருந்தது. அந்த மண்டபத்துக்குப் போனார், இப்போது நெய்கிறார். அது பொய்யில்லை, என் கண்ணால் பார்த்தேன். உங்கள் தம்பி போனில் அந்த வீடியோக்களைப் போடுகிறார். எனக்குப் படம் பார்க்க முடியாது, சத்தம் மட்டும்தான். எலும்பில் சொடக்கு விழுகிற சத்தம், பிறகு யாரோ சிரிக்கிற சத்தம். ஒரே சொடக்கில் எல்லாம் சரியாகி நானும் அப்படிச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி சொன்னதும் போன வாரமே வேலூர் டாக்டரிடம் கேட்டேன். 'கழுத்தை யாரும் சட்டென்று திருப்பக் கூடாது. அதற்குள்ளேதான் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இருக்கிறது. உங்களுக்கு இப்போதுதான் அடிபட்டிருக்கிறது, எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள்' என்றார். அவருடைய பிசியோ பெண், கட்டைவிரலை முன்னால் நீட்டி அதையே பார்த்துக்கொண்டு தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னாள். அவ்வளவுதான். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. எப்போது சரியாகும் என்று கேட்டால், சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் என்கிறார். தேதி சொல்லாத டாக்டரைவிட, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அன்றைக்கே சரியாகிவிடும் என்கிறவரை நம்பத்தான் ஆசையாக இருக்கிறது அண்ணி. அந்த ஆசையைக் கண்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் போக மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் நிலாவைக் கொண்டுவாருங்கள். வீட்டில் அவர் இருக்கும் நேரத்தில் மட்டும் தூக்குகிறேன்.

அன்புச்செல்வி


தெள்ளார்
ஆனி 28, சனி

அன்பு,

எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு தரம் எடுத்தேன். போவலன்னு செவ்வாய்க்கிழமை இன்னொரு தரம் எடுத்தேன். வேட்டியில உருளும்போது கெக்கெக்கேன்னு சிரிச்சிகினுதான் கெடந்தா. ஆஸ்பத்திரியிலயும் காட்டினேன். நர்சம்மா தொட்டுப் பாத்துட்டு கழுத்து நல்லாதான் கீது, புள்ள வெளையாடுதுன்னு சொல்லி அனுப்பிட்டா. நல்லாதான் கீதுன்னா ஏன் சாய்ச்சிகினே பாக்குதுன்னு கேட்டா அடுத்த புள்ளையக் கூப்பிடறா. இது நல்லா வேரோடின உரம், எனக்கே அடங்கல.

உன் கடுதாசிய ரெண்டு தரம் படிச்சேன். நான் உருட்டறவ, நீ படிச்சவ. சரி. உங்க கல்யாணம் ஆன புதுசுல நெசவு இல்லாம கெடந்தப்ப ரெண்டு மாசம் இந்த வீட்டு அரிசிதான் உங்க அடுப்புல வெந்துது. அப்ப நான் உருட்டறவளா தெரியல. எங்கம்மா போனப்ப சுதாகர் நடக்கவே ஆரம்பிக்கல. அவன் கழுத்த நிமித்தினது இந்தக் கைதான். அவன் இன்னா கோணிகினா கீறான்?

நீ ஒண்ணு புரிஞ்சிக்கோ. அவன் வாராவாரம் இங்க வந்து புள்ளைய மடியில வெச்சிகினு சொவத்தப் பாத்துகினு ஒக்காந்திருக்கான். சோறு போட்டா பாதியில எழுந்துடறான். அடுத்தவன் தறியில ஒக்காந்து நெய்யறதும், ஊட்டுக்கு வந்து சமைக்கறதும், நீ இருட்டுல படுத்திருக்கறதப் பாக்கறதும் பேஜாராயிடுச்சு அவனுக்கு. அவன் உன்கிட்ட சொல்ல மாட்டான், அதனால நான் சொல்றேன். நடக்கற ஒரு வைத்தியம் பக்கத்துத் தெருவுலயே கீது. போவ மாட்டேன்னா, உனக்கு சரியாவணும்னு நெனப்பே இல்லன்னுதான் நான் நெனப்பேன்.

கழுத்தக் காட்டு. காட்டிட்டு வா. உன் புள்ளைய எடுத்துகினு போ. அதுக்கு முன்ன அனுப்ப மாட்டேன். இன்னொரு தரம் அவ வாயில ரத்தம் பாக்க எனக்குத் தெம்பில்ல.

சசிகலா


ஆரணி
25-7-2025

அண்ணி,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதை எழுதும்போது கோபம் இல்லை, அதனால் அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு உங்கள் தம்பி மட்டும் வந்தார். நானும் கிளம்பினேன். புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் நிலையத்தைத் தாண்டி வளைவில் திரும்பியதும் பஸ், ரோடு, முன் சீட்டுக்காரியின் பின்னல் எல்லாம் தனித்தனியாகச் சுற்ற ஆரம்பித்தன. அந்த அம்மாவின் முதுகிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, 'எத்தினி மாசம்மா' என்று கேட்டார். அங்கேயே இறங்கி, உங்கள் தம்பி என்னை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் வீடியோவில் அவளைக் காட்டியபோது ஒரு நொடிதான் பார்த்தேன். மஞ்சள் கவுன், வாயோரம் கேக். அதற்குள் படம் ஆடியது, கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் 'அம்மா பாரு, அம்மா பாரு' என்றீர்கள். அவள் 'ம்மா' என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அவருக்குப் பொய் சொல்லவே வராது அண்ணி.

லீலா அக்கா குழந்தை இப்போது அழுதால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ரவிக்கை காய்ந்தே இருக்கிறது. நான் கண்ணாடி பார்த்தும் நாளாகிறது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது என்று உங்கள் தம்பி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார். பொட்டைக் கையால் தடவிப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். சில நாள் வைப்பதேயில்லை. எனக்குச் சரியாக வேண்டும் என்ற நினைப்பே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. வேறு நினைப்பே இல்லை. ஆனால் சரியாகிவிட்ட ஒருத்தி எப்படி இருப்பாள் என்பது மறந்துவருகிறது.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அந்த மண்டபத்தில் முகாமாம். உங்கள் தம்பி பேர் கொடுத்துவிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான், இப்படிப் படுத்துக் கிடப்பதைவிட. இதை உங்கள் தம்பியிடம் காட்டாதீர்கள்.

அன்புச்செல்வி


தெள்ளார்
ஆடி 11, ஞாயிறு

அன்பு,

தம்பி கெளம்பறான், நிக்கவெச்சி எழுதறேன். முடிவு கிடிவுன்னு எழுதற கைய ஒடைப்பேன். போ, ஆனா பயந்துகினே போவாத. சாமி கும்பிட்டுட்டுப் போ. புள்ளையோட மஞ்சக் கவுன தோய்க்காம அனுப்பியிருக்கேன். மோந்து பாத்துக்கோ.

சசிகலா


ஆரணி
5-8-2025

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை போனேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்கள் தம்பி என்னோடு பேசவில்லை, அதனால் அவர் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுகிற நாற்காலிகளைப் போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில், மணமக்கள் உட்காரும் இடத்தில், திரை கட்டி உள்ளே கட்டில். திரைக்குப் பின்னாலிருந்து சொடக்கு விழுகிற சத்தம் வரும், பிறகு ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வரும். எனக்கு முன்னால் போன பெரியவர் மேடைப்படியில் இறங்கும்போது, 'அப்பாடா, பத்து வயசு கொறஞ்சிட்ச்சு' என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். 'கொறஞ்ச வயச ஊட்டுக்காரிக்குக் குடு' என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணி. சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

சொடக்கு எடுப்பவர் உங்கள் தம்பி வயதுக்காரர்தான். கெட்டவர் மாதிரி இல்லை. வெதுவெதுப்பான கை. முதலில் ஒரு பையன் என்னைக் கட்டம் போட்ட வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தான். அவர் அதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்து, 'பாருங்கம்மா, உங்க தலை எங்க இருக்குது, கோடு எங்க இருக்குது. இதான் உங்க பிரச்சனையே' என்றார்.

பார்த்தேன். நான் நேராக நிற்பதாகத்தான் நினைத்து நின்றேன். போட்டோவில் இருந்தவள் தலையை இடப்பக்கம் சாய்த்து, யாரோ கூப்பிட்டதைக் காதில் வாங்குகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே ஒன்றும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. கட்டிலில் படுத்தேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து, மூச்சை வெளியே விடச் சொன்னார். மூச்சை விடும்போதுதான் அது வந்து சேர்ந்தது. நிலா.

அடிபட்ட பிறகு, நீங்கள் கொண்டுபோகும்வரை, நான் அவளுக்குச் சோறு ஊட்டியது, பால் கொடுத்தது, கொஞ்சியது எல்லாம் இந்தத் தலையோடுதான். வலது கண்ணுக்கு வெளிச்சம் படாமல் சாய்த்து வைத்துக்கொண்டேதான். அவள் பார்த்த அம்மா முகம் சாய்ந்த முகம். என்னைப் பார்த்து அவளும் சாய்த்திருக்கிறாள். அவளுக்கு உரம் விழவில்லை அண்ணி. எத்தனை முறை உருட்டினாலும் அது போகாது. முகத்தைப் பார்ப்பது என்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கற்றுக்கொண்டதை உங்கள் வீட்டில் எல்லோரிடமும் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் இருவரையும் வாராவாரம் பார்க்கிற ஒரே ஆள் உங்கள் தம்பி. அவருக்கும் தெரியவில்லை. எனக்கே போட்டோ வேண்டியிருந்தது.

'கொஞ்சம் இருங்க' என்று எழுந்து உட்கார்ந்தேன். தலையில் அடிபட்டு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். அதுவரை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 'ஸ்கேன் கிளியர்தானே? லைட்டாதான் பண்ணுவோம், பயப்படாதீங்க' என்றார். என் கழுத்து எலும்பு விலகிச் சாயவில்லை, வலிக்கு ஒதுங்கிச் சாய்கிறது, வலி போனால் தானாக நிமிரும் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை கிடைக்கவில்லை. 'வேணாங்க' என்று மட்டும் சொன்னேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் தம்பி மேடைக்கு வந்துவிட்டார்.

'அத்தினி பேரும் முட்டாளா? நீ ஒருத்திதான் அறிவாளியா?' என்றார். வீட்டு வாசலில் நின்று, 'வலியத் தூக்கி மடியில வெச்சிகினு கொஞ்சணும்னா கொஞ்சிகினு கெட. புள்ளையத்தான் கொஞ்ச முடியல' என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் குமரேசன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆடிப்பெருக்கு நாளில் யார் வீட்டில் தறி ஓடும்? சும்மா அங்கே போய் உட்கார்ந்திருப்பார்.

சொன்னதை நான் செய்யவில்லை. நீங்கள் அவளை அனுப்ப மாட்டீர்கள் என்று தெரியும். அனுப்பும்படி இப்போது கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் தலை சாய்த்துப் பார்த்தால் பார்க்கட்டும். நேராக்காதீர்கள். உங்கள் வீட்டில் நான் இருப்பது அந்த ஒன்றில்தான்.

அன்புச்செல்வி


தெள்ளார்
ஆடி 28, புதன்

அன்பு,

கடுதாசி வெள்ளிக்கிழமையே வந்துது. எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன்.

உனக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியல. நேராயிடுச்சும்மா. பதினெட்டாம் பெருக்குக்கு ரெண்டு மூணு நாளு முன்னயே இருக்கும். நான் ஒண்ணும் பண்ணல, நீ வேணாம்னு எழுதின பின்னாடி வேட்டியவே எடுக்கல. ஒரு நாளு காலையில இட்லி ஊட்டும்போது பாக்கறேன், என் மூஞ்சிய நேரா பாக்குது. உரம் வுட்டுட்ச்சு, லேட்டானாலும் நம்ம கை பேசிட்ச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பெருமையா சொல்லிகினேன். சர்க்கரைகூட குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு, இன்னாடி ஊருக்கே இனிப்புன்னு கேட்டாரு.

அதுக்கு மேல உன் கடுதாசி வந்துது. படிச்சிட்டு அடுப்புல கொழம்பு தீய்ஞ்சது தெரியாம உக்காந்திருந்தேன். அப்புறம் அவள எதுர்ல உக்கார வெச்சி நானே தலைய சாய்ச்சிப் பாத்தேன். நீ சாய்ச்ச பக்கமேதான். அவ என்ன நேரா பாத்துச் சிரிச்சா, அவ்ளோதான். இன்னொரு தரம் சாய்ச்சேன். எழுந்து போயிட்டா. ஆமா, நடக்கறா. அது வேற நான் உனக்கு எழுதல. நடந்தப்ப தம்பிகிட்டயும், அன்புகிட்ட சொல்லாத, அவளே பாக்கட்டும்னு சொல்லி வெச்சிருந்தேன். அத ஏன் அப்பிடி சொன்னேன்னு இப்ப யோசிக்கறேன். நீ பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்னு சொல்ல வாய் வரல போல.

கழுத்துல கை வெச்சி எத்தினியோ புள்ளைய நேராக்கியிருக்கேன். ஒரு புள்ள நேரானதுக்கு இப்பிடி வருத்தப்பட்டதில்ல.

நீ அந்தக் கட்டில்ல இருந்து எழுந்து வந்தது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. சரின்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. தம்பிக்கு போன் போட்டேன். எதுவும் கேக்கல, சாப்டியாடான்னு மட்டும் கேட்டேன். ஓன்னு அழுதுட்டான். அவன் அழுது நான் கேட்டதில்ல.

ஆவணி அஞ்சு வியாழக்கிழமை நான் அவளக் கூட்டிகினு வரேன். உனக்கு சரியாவட்டும்னு காத்துகினு இருந்தா, சரியானப்ப நீ யாருன்னு அவளுக்குத் தெரியாம பூடும். நான் அங்கயே தங்கறேன். தூக்கறது, குளிப்பாட்றது, நடு ராத்திரி எழுந்துக்கறது எல்லாம் என் வேல. நீ உக்காந்த எடத்துல உக்காந்திரு. எங்க வீட்டுக்காரர் ஓட்டல்ல சாப்புடட்டும், புதுக் கண்ணாடி வாங்கியாச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லி வெச்சிடறேன். உங்கிட்ட வர மாட்டா. மொதல்ல வர மாட்டா. எம் பின்னாடி ஒளிஞ்சிக்குவா. அதப் பாத்து நீ ஒடஞ்சிடக் கூடாது.

சசிகலா


ஆரணி
17-8-2025, ஞாயிறு

அண்ணி,

உங்கள் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் வருவதாகச் சொன்னதிலிருந்து ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசுகிறார். நேற்று தறியின் குறுக்குமரத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினார்.

வாருங்கள். வந்தவாசியில் பஸ் மாறும்போது இடப்பக்கம் ஜன்னல் சீட்டில் உட்காருங்கள், அந்தப் பக்கம் வெயில் வராது. வாசலில் அவளை என் கையில் கொடுக்காதீர்கள். நான் உள்ளே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அவளை இறக்கிவிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். 'அம்மா பாரு' என்று சொல்ல வேண்டாம். நடந்து வந்தால் வரட்டும், வராவிட்டால் நீங்கள் சொன்னபடி உங்கள் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும். உடைய மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உடைந்தாலும் சத்தம் போட மாட்டேன்.

தலைசுற்றல் போகவில்லை. கழித்தல் கணக்கு இன்னும் வரவில்லை. சுவர்ப்பக்கம் இருந்த கண்ணாடியைத் திருப்பி, தினமும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். கட்டைவிரலைப் பார்த்துத் திருப்புகிற அந்த விளையாட்டையும் விடவில்லை. இரண்டு நாளாகத் தலையை நேராக வைத்தால் வலி முன்னைப்போல் இல்லை. பிசியோ பெண்ணிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

ஆனால் வியாழக்கிழமை நீங்கள் வரும்போது நான் தலையைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். இடப்பக்கமாக. வலது கண்ணை ஒதுக்கி. அவள் என்னைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். பார்த்து அடையாளம் தெரியட்டும்.

அன்பு